ஜூலை யாருடைய மாதம்?



ஜூலை மாதத்தின் முதல் ஞாயிற்றை அவுஸ்திரேலியக் கத்தோலிக்கத் திருச்சபை இந்நாட்டின் ஆதிக்குடிகளுக்கும் டொரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கும் உரிய ஞாயிறாகக் கொண்டாடுகிறது. சென்ற ஞாயிறு கிளென் வேவர்லியில் நமது தமிழ்த் திருப்பலியிலும் விசுவாசிகளின் மன்றாட்டில் ஐந்தாவதாக ஒரு வேண்டுதல் சேர்க்கப்பட்டது. பறிக்கப்பட்ட நிலத்துக்காகவும், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும், காவலில் இறந்தவர்களுக்காகவும் மூன்றே வாக்கியங்கள். வாசித்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகியிராது.

திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நான் பெரிதும் மதிக்கும் முதியவர் ஒருவர் என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். "சுவாமி, ஜூலை எங்கட மாதம். எண்பத்துமூண்டில எரிஞ்ச சனத்துக்கே அழ ஆளில்லை. நீங்கள் என்னெண்டால் ஆற்றையோ செத்தவீட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போறியள்" என்றார். அவருடைய கண்களில் நீர் இருந்தது. கொழும்பில் அவர் இழந்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஆகவே அங்கே நான் மறுமொழி சொல்லவில்லை.

ஆனால் அன்றிரவே நமது வட்ஸ்அப் குழுவொன்றில் அதே கருத்து, கண்ணீர் இல்லாமல், ஏளனத்தோடு உலாவத் தொடங்கியது. "வரிப்பணத்தில் வாழ்பவர்களுக்குப் பூசையில் வேறு வேண்டுதலா?" என்று ஒருவர். "நாங்கள் யாருடைய நிலத்தையும் களவெடுக்கவில்லை, கடன் வாங்கித்தான் வீடு வாங்கினோம்" என்று இன்னொருவர். அவற்றின் கீழே கைகூப்பிய சின்னங்களும் சிரிப்புச் சின்னங்களும் வரிசையாக. முதியவரின் துயரத்துக்கு நான் மௌனம் காத்தேன். இந்த ஏளனத்துக்கும் மௌனம் காத்தால் அது சம்மதமாகவே கொள்ளப்படும் என்பதால் இதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான். பொறுமையோடு வாசியுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடும் வாசியுங்கள்.

முதலில், அந்த ஞாயிறு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வோம். உரோமையிலிருந்து வரவில்லை. இம்மெல்பேர்ண் மாநகரின் மேற்கிலுள்ள ஃபுட்ஸ்கிரேயில் ஓர் எளிய வீட்டிலிருந்து வந்தது. 1937ஆம் ஆண்டின் இறுதியில், எழுபதைக் கடந்த ஆதிக்குடி முதியவர் ஒருவர் அங்கிருந்து திருச்சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜனவரி 26ஆம் நாளை ஒட்டிவரும் ஞாயிற்றை ஆதிக்குடிகளின் ஞாயிறாகக் கொள்ளுங்கள், அன்று உங்கள் பிரசங்க மேடைகளில் எங்களைப் பற்றிப் பேசுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். 1940இல் அது நடைமுறைக்கு வந்தது. 1955இல் ஜூலை மாதத்துக்கு மாற்றப்பட்டது. இன்று நாடெங்கும் கொண்டாடப்படும் நெய்டொக் வாரத்தின் வேரும், நம் ஜூலை ஞாயிற்றின் வேரும் அந்தக் கடிதமே. அதை எழுதியவர் வில்லியம் கூப்பர்.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு மார்ட்டின் லூதர் கிங் நினைவுக்கு வருகிறார். பாடசாலையில் அவரைப் பற்றிச் சித்திரம் வரைந்து பரிசும் வாங்குகிறார்கள். நல்லதே. ஆனால் நம் வீட்டிலிருந்து ரயிலேறி, நகரத்தில் ஒருமுறை மாறினால் போய்ச் சேரக்கூடிய தொலைவில் வாழ்ந்த ஒருவரின் பெயரை, இருபது ஆண்டுகளாக இங்கே வசிக்கும் பெற்றோருக்கே தெரியாது. அநீதி தொலைதேசத்தில் நடந்தால் நமக்கு நெஞ்சு உருகுகிறது. அண்டை வீட்டில் நடந்தால் அது அரசியலாகிவிடுகிறது.

கூப்பர் யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். 1860ஆம் ஆண்டையொட்டி, மரே நதியும் கோல்பர்ன் நதியும் கூடும் நிலப்பகுதியில் பிறந்தார். டேனியல் மத்தியூஸ் என்னும் கிறிஸ்தவ ஊழியர் நடத்திய மலோகா மிஷனில் எழுத்தறிந்தார். 1884இல் கிறிஸ்தவரானார். (கத்தோலிக்கர் அல்லர். அதனால் அவர் நம்மவர் அல்லர் என்று எண்ணுவோர், காயப்பட்டவனை எடுத்துச் சென்ற சமாரியர் எந்தத் தொழுகைக்கூடத்தில் பதிவு செய்திருந்தார் என்பதை எனக்குச் சொல்லட்டும்.) ஆட்டு உரோமம் கத்தரிக்கும் கூலியாளாகவும் வேறு பல உடலுழைப்பு வேலைகள் செய்தும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

மலோகா மக்கள் பின்னர் கம்மரகஞ்சா என்னும் அரசக் குடியிருப்புக்குப் பெயர்ந்தார்கள். காடு வெட்டி, நிலம் திருத்தி, கோதுமை விளைவித்தார்கள். குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சிறு பண்ணைத் துண்டுகள் 1907இல் திரும்பப் பறிக்கப்பட்டன. தம் கையால் திருத்திய மண்ணில் அவர்கள் மீண்டும் படியளக்கப்படும் கூலிகளானார்கள். மாவும் சீனியும் தேயிலையும் அளந்து கொடுத்த அதிகாரிதான் யார் ஊருக்குள் வரலாம், யார் வெளியே போகலாம் என்பதையும் முடிவுசெய்தார். சட்டத்தின் துணையோடு பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பறித்துச் செல்லப்பட்டார்கள்.

"வரிப்பணத்தில் வாழ்பவர்கள்" என்று எழுதிய சகோதரருக்கு இதைச் சொல்லவேண்டும். கூப்பர் ஏன் ஃபுட்ஸ்கிரேக்கு வந்தார் தெரியுமா? வாழ்நாள் முழுவதும் உழைத்து முதிர்ந்தபின், ஆதிக்குடிகளுக்கான அரசக் குடியிருப்பில் தொடர்ந்து வசித்தால் அவருக்கு முதியோர் ஓய்வூதியம் இல்லை. ஆகவே 1933இல், எழுபது வயதுக்கு மேல், பிறந்த மண்ணை விட்டு இந்நகரத்துக்குப் பெயர்ந்தார். அவருடைய மகன் ஒருவர் முதலாம் உலகப் போரில், 1917இல், இந்நாட்டின் படைவீரராகப் போரிட்டு மடிந்தார். மகனுடைய உயிரை ஏற்றுக்கொண்ட அரசு, தந்தைக்கு அவரது சொந்த ஊரில் ஓய்வூதியம் தர மறுத்தது. சலுகையில் கொழுத்தவர்கள் என்று நீங்கள் ஏளனம் செய்வது இவர்களைத்தான்.

1908இல் இயற்றப்பட்ட அந்த ஓய்வூதியச் சட்டத்தை வாசித்திருக்கிறீர்களா? யாருக்கு ஓய்வூதியம் இல்லை என்று சொல்லும் பிரிவில் அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் மட்டும் இல்லை. இங்கே பிறவாத ஆசியர்களும் இருக்கிறார்கள். அதற்கு முந்திய 1902ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் அப்படியே. அவுஸ்திரேலியா, ஆசியா, ஆபிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வீகர்களுக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்கில்லை. அதாவது, நீங்கள் "அவர்கள்" என்று விரல் நீட்டிப் பேசும் மக்களையும் உங்களையும் இந்நாட்டின் சட்டம் ஒரே வாக்கியத்தில் சேர்த்தே எழுதி, ஒரே கோட்டால் அடித்தது. அந்த வாக்கியத்தில் நாம் அவர்களுக்கு அடுத்த சொல்லாக நின்றோம்.

பிறகு என்ன நடந்தது? 1922இல் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இங்கே வந்தார். தஞ்சைச் சீமையின் வலங்கைமானில் பிறந்த தமிழர். ஆங்கிலேயரே வியக்கும் ஆங்கிலப் பேச்சாளர். பிரித்தானியப் பேரரசின் குடிகளான இந்தியர்களுக்கு இங்கே சமவுரிமை வேண்டும் என்று நகர்தோறும் பேசினார். 1924இல் மித்தா புல்லோஷ் என்னும் இந்தியர் மெல்பேர்ணில் நீதிமன்றம் சென்று தம் வாக்குரிமையை நிலைநாட்டினார். 1925இல் சட்டம் திருத்தப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் பிறந்தவர்கள் அந்த வாக்கியத்திலிருந்து எடுக்கப்பட்டார்கள். ஆதிக்குடிகள் அதிலேயே விடப்பட்டார்கள். பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்கள் அனைவருக்கும் கிடைத்தது 1962இல்தான். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து!

சாஸ்திரியாரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. தம் மக்களுக்காகப் பேச அனுப்பப்பட்டவர் அவர், தம் மக்களுக்காகப் பேசினார். நான் கேட்பது நம்மைத்தான். கோட்டுக்கு வெளியே தூக்கிவிடப்பட்டவன், உள்ளே நின்றவனைத் திரும்பிப் பார்க்க எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம்?

திரும்பிப் பார்த்த ஒருவரும் நம் வரலாற்றில் உண்டு. அவரையும் உங்களுக்குத் தெரியாது. மொரீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ், இளைஞராக மெல்பேர்ணுக்கு வந்தவர், 1881இல் டேனியல் மத்தியூஸைச் சந்தித்து, அவரோடு மலோகாவுக்குப் போய் ஆசிரியரானார். 1885இல் வில்லியம் கூப்பரின் சகோதரி ஏடாவை மணந்தார். மலோகாவிலும் கம்மரகஞ்சாவிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். ஆதிக்குடிப் பிள்ளைக்கு எண்ணும் எழுத்தும் ஓரளவுக்குமேல் வேண்டியதில்லை என்று அரசு நினைத்த காலத்தில், அந்தப் பள்ளியில் பயின்றவர்கள் மனு எழுதவும் மேடையேறவும் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் போதகராகவும், நைட் பட்டம் பெற்ற முதல் ஆதிக்குடி மகனாகவும், 1976இல் தென் அவுஸ்திரேலியாவின் ஆளுநராகவும் உயர்ந்த டக்ளஸ் நிக்கல்ஸ் அங்கே பயின்றவரே. இந்திய முகமுடைய அந்த ஆசிரியர் நினைத்திருந்தால் நகரத்தில் தமக்கொரு வாழ்வைத் தேடிக்கொண்டிருக்கலாம். ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே போய் மருமகனாய் அமர்ந்தார். அவருடைய பிள்ளைகள் ஆதிக்குடிகளாகவே வாழ்ந்து, ஆதிக்குடிகளாகவே போராடினார்கள். நமது பண்பாட்டு விழாக்களில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவர் பெயரை ஒருமுறையேனும் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

கூப்பருக்குத் திரும்புகிறேன். ஃபுட்ஸ்கிரேயில் அவர் செய்ததெல்லாம் எழுதியதுதான். அமைச்சர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திருச்சபைத் தலைவர்களுக்கும் ஓயாமல் எழுதினார். அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் சங்கத்தை அமைத்து அதன் செயலாளரானார். இங்கிலாந்து மன்னருக்கு ஒரு மனு தயாரித்தார். எங்கள் இனம் அழிவதைத் தடுக்கவேண்டும், எங்கள் வாழ்க்கை நிலையைச் சீர்ப்படுத்தவேண்டும், பாராளுமன்றத்தில் எங்களுக்காக ஓர் உறுப்பினர் வேண்டும். கேட்டது இவ்வளவே. கண்டம் முழுவதிலுமிருந்து 1,814 கையொப்பங்கள் திரட்டப்பட்டன. 1937இல் மனு பிரதமர் ஜோசப் லயன்ஸின் அரசிடம் கையளிக்கப்பட்டது. 1938இல் அமைச்சரவை அதை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று முடிவுசெய்தது. மறுக்கவும் இல்லை, விவாதிக்கவும் இல்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான். 2014இல் அவருடைய பேரன் அதன் படியை ஆளுநர் நாயகத்திடம் கொடுத்து, எலிசபெத் அரசியாருக்கு அனுப்பச் செய்தார். ஒரு கடிதம் மெல்பேர்ணிலிருந்து லண்டன் போய்ச் சேர எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

1938 ஜனவரி 26. வெள்ளையர் வந்திறங்கிய நூற்றைம்பதாம் ஆண்டை சிட்னி ஊர்வலங்களோடு கொண்டாடிக்கொண்டிருந்தது. அதே நகரில், அவுஸ்திரேலியன் ஹோல் என்னும் மண்டபத்தில், ஆதிக்குடிகள் ஏறத்தாழ நூறு பேர் கறுப்புடை அணிந்து கூடி அந்நாளைத் துக்க நாளாக அறிவித்தார்கள். ஜாக் பாட்டனும் வில்லியம் பெர்கூசனும் நடத்திய அக்கூட்டத்துக்கு மெல்பேர்ணிலிருந்து கூப்பரும் போயிருந்தார். ஒரு நாட்டின் சுதந்திர தினத்தன்று வீடுகளில் கறுப்புக் கொடி ஏற்றிய இனம் நாம். துக்க நாள் என்றால் என்னவென்று நமக்கு யாராவது விளக்கவேண்டுமா?

அதே ஆண்டு ஜூலை மாதம் (ஆம், ஜூலை) பிரான்சின் எவியான் நகரில், ஹிட்லரிடமிருந்து தப்ப முயன்ற யூதர்களை யார் ஏற்பது என்று பேச நாடுகள் கூடின. அவுஸ்திரேலியாவின் சார்பில் சென்ற அமைச்சர் தோமஸ் வைட், தங்கள் நாட்டில் இனப்பிரச்சினை எதுவும் இல்லை என்றும், அதை இறக்குமதி செய்யும் விருப்பமும் இல்லை என்றும் பொருள்பட அங்கே பேசினார். அவர் மெல்பேர்ணின் பாராளுமன்ற உறுப்பினர். மன்னருக்கான மனுவை அனுப்ப மறுத்த அரசின் அமைச்சர். இந்த வாதத்தின் பேரக்குழந்தைகளை நாம் பின்னர் சந்தித்திருக்கிறோம், நம் பிள்ளைகள் படகுகளில் வந்த காலத்தில்.

நவம்பர் 9ஆம் நாள் இரவும் மறுநாளும் ஜேர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்களும் கடைகளும் எரிந்தன. எரிந்த கடைகள், பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ், கையில் பட்டியலோடு வந்த கும்பல். 1983 ஜூலையில் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதை நான் விவரிக்கவேண்டியதில்லை. உலகம் கண்டித்துப் பேசிவிட்டு நகர்ந்தது. டிசம்பர் 6ஆம் நாள், மெல்பேர்ண் கொலின்ஸ் வீதியிலிருந்த ஜேர்மன் துணைத்தூதரகத்தின் வாசலுக்கு ஒரு தூதுக்குழு வந்தது. யூதர்கள் மீதான கொடுமையைக் கண்டித்து ஒரு தீர்மானம் கையில் இருந்தது. வந்தவர்கள் கூப்பர் செயலாளராயிருந்த ஆதிக்குடிகள் சங்கத்தினர். துணைத்தூதர் அவர்களைச் சந்திக்க மறுத்தார்.

நினைத்துப் பாருங்கள். சொந்த நாட்டில் குடிகளாக மதிக்கப்படாதவர்கள். தங்கள் மனு குப்பையில் போடப்பட்ட அதே ஆண்டில், கடல் கடந்த ஒரு நாட்டில், தாங்கள் பார்த்தேயிராத மக்களுக்காக மனு எடுத்துச் சென்றார்கள். "எங்கட செத்தவீடே இன்னும் முடியவில்லை" என்று சொல்வதற்கு அவர்களுக்கு இருந்த நியாயம் நமக்கு இருப்பதைவிடக் குறைவானதன்று. இரண்டே மாதங்களில், 1939 பெப்ரவரியில், கம்மரகஞ்சாவில் ஏறத்தாழ இருநூறு பேர் நிர்வாகத்தின் கொடுமை தாளாமல் மரே நதியைக் கடந்து விக்டோரியாவுக்குள் வெளியேறினார்கள். கூப்பரின் சொந்த உறவினர் ஆற்றங்கரையில் கூடாரமிட்டுக் கிடந்தார்கள். 1941 மார்ச்சில் அவர் இறந்தபோது கேட்டவை ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. கம்மரகஞ்சாவிலேயே அடக்கம் செய்தார்கள்.

இன்று அவருக்குப் பெருமைகள் பல. ஃபுட்ஸ்கிரே ரயில் நிலையத்தின் நடைபாலத்துக்கு அவர் பெயர். நகரத்தில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயர். மெல்பேர்ணை நிறுவியவரென்று சொல்லப்படும் ஜோன் பாட்மனின் பெயரைத் தாங்கியிருந்த பாராளுமன்றத் தொகுதி, 2019 தேர்தலிலிருந்து கூப்பர் தொகுதி. எருசலேமின் யாட் வஷெம் நிறுவனத்தில் அவர் பெயரால் ஓர் ஆய்வு இருக்கை. எல்லாம் தகும். ஆயினும் இதில் ஒரு தந்திரத்தையும் காண்கிறேன். ஜேர்மனிக்கு எதிராக நின்ற கூப்பரைப் போற்றுவது இந்நாட்டுக்கு எளிது, அதில் குற்றவாளி வேறொருவன். அவுஸ்திரேலியாவிடம் பாராளுமன்றத்தில் இடம் கேட்ட கூப்பரைப் பற்றி விழா மேடைகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தக் கூப்பர் கேட்டது பாராளுமன்றத்தில் ஆசனம். 2023 ஒக்டோபர் 14ஆம் நாள் சர்வசன வாக்கெடுப்பில் அவருடைய சந்ததியினர் கேட்டது ஆலோசனை சொல்லும் ஓர் அவை மட்டும். ஆசனமுமில்லை, தடுப்பதிகாரமுமில்லை. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு மாநிலமும் ஆம் என்று சொல்லவில்லை.

நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை, கேட்கவுமில்லை. மனச்சாட்சியோடு மறுத்தவர்களும் உண்டு, ஆதிக்குடிகளிலேயே மறுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்நாட்களில் நம் மண்டபத்தில் சொல்லப்பட்ட காரணங்கள் என் காதில் விழுந்தன. "நாட்டை இனத்தால் பிரித்துவிடும்." "ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஏன் விசேட உரிமை?" தமிழன் வாயால் இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 1957இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் சொன்னது இதையல்லவா? அடுத்த ஆண்டு அது கிழித்தெறியப்பட்டபோது சொல்லப்பட்ட நியாயம் இதுவல்லவா? சமஷ்டி என்ற சொல்லை உச்சரித்தாலே நாடு பிளவுபடும் என்று எழுபது ஆண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்டதை, ஏழாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் வந்து, சொல் மாறாமல் நாம் இன்னொருவருக்குச் சொல்கிறோம்.

இன்னும் பின்னே போவோம். 1948இல் இலங்கைப் பாராளுமன்றம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள்தானே, நமக்கென்ன என்று யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் நினைத்தார்கள்! ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சர் பதவி ஏற்றார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்தார். இன்று அவர்களுக்கு, நாளை மொழி விடயத்தில் நமக்கு என்பது அவருடைய எச்சரிக்கை. எட்டே ஆண்டுகளில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. தந்தை செல்வாவின் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் அவர் எந்த இடத்தில் தனித்து நின்றார் என்பதை மறந்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு குருவாக எனக்கே வெட்கமுண்டு. கீழே இருப்பவனோடு ஒரே வாங்கில் அமர மறுத்த வரலாறு நம் கோயில்களுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் எறையூரில் 2008இல் கத்தோலிக்கரே கத்தோலிக்கரைத் தாக்கி, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறக்கும் அளவுக்குப் போனது சாதி. ஒரே திருவிருந்தில் பங்குபெற்றவர்கள்! யாழ்ப்பாணம் தூயது என்று நான் நடிக்கப் போவதில்லை. ஆதிக்குடிகளைப் பற்றி வட்ஸ்அப்பில் உலாவும் சொற்களை, "குடிகாரர், சோம்பேறிகள், சும்மா குடுத்தால் அப்பிடித்தான்" என்பவற்றை, நான் முதன்முதல் கேட்டது அவுஸ்திரேலியாவில் அல்ல. சிறுவயதில் நம் ஊர்த் திண்ணைகளில் கேட்டேன், வேறு மக்களைப் பற்றி. சொற்களை நாம் பெட்டியிலேயே கொண்டுவந்திருக்கிறோம்.

"நாங்கள் களவெடுக்கவில்லை" என்ற சகோதரருக்கு: உண்மை, நீங்கள் களவெடுக்கவில்லை. அரசர்கள் முதல் நூலின் இருபத்தோராம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். நாபோத்தைக் கொன்றவன் ஆகாபு அல்லன். திட்டமிட்டவள் ஈசபேல், கல்லெறிந்தவர்கள் ஊரார், பொய்ச்சாட்சி சொன்னவர்கள் கயவர் இருவர். ஆகாபு செய்ததெல்லாம், காரியம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, திராட்சைத் தோட்டத்தை உரிமையாக்கிக்கொள்ளப் போனது மட்டுமே. இறைவாக்கினர் எலியா அவனைச் சந்தித்தது அந்தத் தோட்டத்தில்தான். 1835இல் ஜோன் பாட்மன் போர்வைகளையும் கத்திகளையும் மாவையும் கொடுத்து ஆறு இலட்சம் ஏக்கர் நிலத்தை "வாங்கியதாக" எழுதிக்கொண்டார். ஆளுநர் பேர்க் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கினார், நிலம் முழுவதும் முடிக்குரியது என்று. அதாவது, விற்பதற்குக்கூட அம்மக்களுக்கு உரிமை இல்லை. கிளென் வேவர்லியில் நீங்களும் நானும் உறங்கும் மண் கூலின் மக்களுடையது. நம் வீட்டுப் பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால், முதல் பத்திரத்துக்கு முன் இருப்பது இதுவே. வீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அரை நிமிட வேண்டுதல் ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம்.

காவலில் இறந்தவர்களுக்காக ஏன் மன்றாட வேண்டும் என்றும் கேட்கப்பட்டது. 1987இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, அத்தகைய 99 மரணங்களை ஆராய்ந்து 1991இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. அதன்பின்னும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத ஓரினம், சிறையிலிருப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலையில் அரசின் பூட்டுக்குள் கொல்லப்பட்ட ஐம்பத்துமூவருக்காக ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏற்றும் நாம், அரசின் பூட்டுக்குள் இறந்தவர்களுக்கான ஒரு வேண்டுதலை அரசியல் என்கிறோம்.

"வேண்டுதலில் அரசியல் வேண்டாம்" என்பவர்களுக்கு ஒருவரை நினைவூட்டுகிறேன். அருளாளர் பெர்னார்ட் லிக்டன்பெர்க். பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தின் குரு. 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்த அன்று மாலையிலிருந்து, துன்புறும் யூதர்களுக்காகப் பேராலயத்தில் வெளிப்படையாக மன்றாடத் தொடங்கினார். அவர் செய்த குற்றம் அதுதான், ஒரு மன்றாட்டு. 1941இல் கைதானார், 1943இல் டாக்காவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தார். அவருடைய ஆலயத்திலும் திருப்பலிக்குப் பின் யாரோ ஒருவர் ஓரமாக அழைத்து, நமக்கே ஆயிரம் துன்பம் இருக்க இவர்களுக்கு ஏன் என்று கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். பெர்லினில் அவர் மன்றாடிய சில வாரங்களில் மெல்பேர்ணில் அந்தத் தூதுக்குழு நடந்தது. ஒருவரையொருவர் அறியாதவர்கள். 1996இல் லிக்டன்பெர்க்கை அருளாளராக உயர்த்திய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே, 1986இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆதிக்குடிகளைச் சந்தித்து, அவர்களுடைய பங்களிப்பை மகிழ்வோடு ஏற்கும்வரை அவுஸ்திரேலியத் திருச்சபை முழுமையடையாது என்று சொன்னவர். அதை வட்ஸ்அப்பில் யாரும் பகிர்ந்ததாக நினைவில்லை.

என் கையைப் பற்றிய பெரியவருக்கு, இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் நான் வாதாடவில்லை. ஜூலை 23ஆம் நாள் மாலை ஏழு மணிக்கு, ஆண்டுதோறும் போல, 1983இல் இறந்தவர்களுக்காகத் திருப்பலி உண்டு. உங்கள் தம்பியின் பெயர் முதலில் வாசிக்கப்படும். அன்றும் ஐந்தாவது வேண்டுதல் இருக்கும், இம்முறை கூப்பரின் பெயரோடு. அதை வாசிக்க இதுவரை எவரும் பெயர் தரவில்லை. உங்களால் முடியுமானால் புதன்கிழமைக்குள் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு வைக்கிறேன்.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை